குழந்தைகளுக்கு மருந்து: அளவறிந்து கொடுப்போம்

(நமது ஜமாஅத் நடத்திய மருத்துவ முகாமில், தாய்மார்களுக்கான அமர்வில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த முகாமுக்கு வருகின்றவர்கள், வீட்டில் குழந்தைகளுக்குக் கொடுத்துவரும் மருந்துப் பாட்டில்களையும், அவற்றை ஊற்றிக் கொடுக்கும் ஸ்பூனையும் உடன் எடுத்து வருமாறு அறிவிப்புச் செய்திருந்தோம். ஸ்பூனை எதற்காகக் கேட்கிறார்கள் என்று சிலர் வியந்தும் இருப்பீர்கள். காலையில், முன்னதாக வந்தவர்களிடம் பதினொரு ஸ்பூன்களை வாங்கித் தண்ணீர் நிரப்பி, ஊசிக் குழலால் அளந்து பார்த்தோம். மிகச் சிறியது 3 மில்லி கொண்டது. மிகப் பெரியது 8 மில்லியை நெருங்கியது. இவை அனைத்தையும் நாம் வீட்டில் ‘ஒரு ஸ்பூன்’ என்றே சொல்லிவருகிறோம். மருத்துவர் ஒரு ஸ்பூன் என்று எழுதினால் அது 5 மில்லியைக் குறிக்கும்.

மருந்துக் கடையில் பல ஆண்டுகள் நின்று பழகியவர்கள் நாங்கள். பிறருக்கு அறிவுரை கூறுவதற்கு முன்னால் எங்கள் பிழை ஒன்றைச் சொல்லிவிடுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழைக்காலத்தில் ஒரு மாலை. பெரிய கடைவீதியில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், ஸ்ரீரங்கம் பேருந்து ஏறுவதற்கு முன் நாங்கள் பணியிலிருந்த கடைக்கு வந்தார். ஏழு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல். சில நாட்களுக்கு முன் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டிப் பாரசிட்டமால் சிரப் கேட்டார். ஒரு வேளைக்கு 4 மில்லி என்று அதில் எழுதியிருந்தது. சிரப் இருப்பில் இல்லை. அதே மருந்து ‘டிராப்ஸ்’ ஆக இருந்தது. கைக்குழந்தைக்கு அதுவே ஏற்றது என்று எண்ணிக் கொடுத்தனுப்பினோம். பேருந்து போய்விடும் என்று அவர் விரைந்தார். கடையில் கூட்டம் என்று நாங்களும் விளக்கிச் சொல்லவில்லை.

வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் பாட்டி. சீட்டில் கண்டபடி, பழைய சிரப்புடன் வந்த மூடியில் 4 மில்லிக் கோடு வரை ஊற்றிப் பாலாடையில் புகட்டினார். இரவுக்குள் மூன்று முறை கொடுத்துவிட்டார். மறுநாள் காலை, பெட்டிக்குள் தொடப்படாமல் கிடந்த சொட்டுக் குழலைப் பார்த்த தாய்க்கு ஐயம் எழுந்தது. ரசீதில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

கணக்கைக் கேளுங்கள். அந்தச் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் மருந்து உண்டு. 4 மில்லியில் இருப்பது 96 மில்லிகிராம். ஏழு கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது சரியான அளவு. டிராப்ஸில் ஒரே ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். அதில் 4 மில்லி என்றால் 400 மில்லிகிராம். மூன்று முறையில் 1,200 மில்லிகிராம் அந்தச் சிறு வயிற்றுக்குள் சென்றுவிட்டது. கிலோ ஒன்றுக்கு 170 மில்லிகிராமுக்கு மேல். ஈரல் கெடத்தக்க அளவு இது. பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுமாறு சொன்னோம். மாற்று மருந்தாகிய அசிட்டைல்சிஸ்டீன் ஏற்றப்பட்டது. ஈரலின் நிலையை அறிய நாள்தோறும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நான்காம் நாள் குழந்தை நலமாக வீடு திரும்பியது. இன்று பள்ளிக்கூடம் செல்கிறது.

அந்த மூதாட்டி நெடுநாள் தம்மையே நொந்துகொண்டிருந்தார் என்று பின்னர் அறிந்தோம். அவர் கையில் பிழை இல்லை. எழுதியிருந்தபடி, மில்லி தவறாமல் அளந்து கொடுத்தவர் அவர். பிழை எங்கள் மேசையில் நிகழ்ந்தது.

ஒரே மருந்தை ஏன் இத்தனை வகையாகச் செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். கைக்குழந்தை அதிகம் விழுங்காது, துப்பிவிடும். ஆகவே சொட்டு மருந்தைச் செறிவாகச் செய்கிறார்கள். சற்றே வளர்ந்த குழந்தைக்கு 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப். பள்ளிப் பிள்ளைகளுக்கு 5 மில்லிக்கு 250 உள்ள சிரப். பெயர் ஒன்று, சில வேளைகளில் நிறமும் ஒன்று. ஒரு மில்லியில் இருக்கும் மருந்து மட்டும் 24 முதல் 100 வரை வேறுபடுகிறது. ‘எத்தனை மில்லி’ என்று மட்டும் கேட்டுப் பயனில்லை என்பது இதனால் விளங்கும். எந்தப் பாட்டிலில் எத்தனை மில்லி என்று கேட்க வேண்டும்.

இனி உடலின் செய்திக்கு வருவோம்.

நம் பெற்றோர் காலத்தில் மருத்துவமனைகளில் கம்பவுண்டர் மிக்சர் கலந்து கொடுப்பார். பாட்டிலின் பக்கத்தில் பல் பல்லாக வெட்டிய வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். ஒரு பல் ஒரு வேளை. குழந்தைக்கு எவ்வளவு என்பதற்கு ஒரு சூத்திரமும் இருந்தது. குழந்தையின் வயதை, அந்த வயதுடன் 12 சேர்த்து வந்த எண்ணால் வகுத்தால், பெரியவர் அளவில் எத்தனை பங்கு கொடுக்கலாம் என்பது கிடைக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு 4-ஐ 16-ஆல் வகுக்கக் கால் பங்கு. எளிய கணக்குத்தான். ஆனால், குழந்தையின் உடல் பெரியவர் உடலைச் சுருக்கிச் செய்ததன்று. அதனுள் இருக்கும் உறுப்புகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வேகத்தில் முதிர்கின்றன. ஆகவேதான் இக்காலத்தில் எடையைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். கைக்குழந்தைக்கு எடையுடன் வயதையும், பிறந்து சில நாட்களே ஆனதற்கு நாள் கணக்கையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

பிறந்த குழந்தையின் உடல் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 75 பங்கு தண்ணீர். வளர்ந்த ஆணுக்கு இது 60 பங்கு. தண்ணீரில் கரையும் மருந்து அந்த உடலில் பரந்து நீர்த்துவிடும். எனவே ஜென்டாமைசின் போன்ற ஊசி மருந்தைக் கிலோவுக்குக் கணக்கிட்டால் பச்சிளங் குழந்தைக்குக் கூடுதலாகவே தேவைப்படும். ஆனால், அதை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகமோ இன்னும் முதிரவில்லை. பிறந்த முதல் நாட்களில், உடலின் பரப்புக்கு ஈடுசெய்து பார்த்தாலும், அதன் வடிகட்டும் திறன் பெரியவர் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இரண்டு வாரங்களில் அது இருமடங்காகிறது. பெரியவர் நிலையை எட்ட ஓராண்டு வரை ஆகும். ஆகவே அதே ஊசியை நீண்ட இடைவெளி விட்டுப் போடுகிறார்கள். அளவு கூட, இடைவெளியும் கூட! ‘குழந்தைதானே, கொஞ்சமாகக் கொடுப்போம்’ என்னும் வீட்டுக் கணக்கு இங்கே செல்லாது.

ஈரலின் கதை இதைவிடத் துயரமானது. குளோராம்பெனிக்கால் என்றொரு மருந்து. டைபாய்டு காய்ச்சலுக்கு நம் ஊரிலும் நெடுங்காலம் கொடுக்கப்பட்டது. 1950-களில் அமெரிக்க மருத்துவமனைகளில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குத் தொற்று வராமலிருக்க இதை முன்கூட்டியே கொடுத்தார்கள். கிலோ கணக்குப் பார்த்தே கொடுத்தார்கள். மூன்று, நான்கு நாட்களில் குழந்தைகள் பால் குடிப்பதை நிறுத்தின, வயிறு உப்பியது, மேனி சாம்பல் நிறமாயிற்று, பல இறந்தன. 1959-இல்தான் காரணம் தெளிவாக வெளிவந்தது. அம்மருந்தைப் பிணைத்து வெளியேற்றும் ஈரல் நொதி, பிறந்த குழந்தையிடம் போதிய அளவு சுரந்திருக்கவில்லை. முதல் நாள் கொடுத்தது வெளியேறாமல் இருக்க, இரண்டாம் நாள் மருந்து அதன்மேல் சேர்ந்தது. எடைக்கேற்ற அளவும்கூட, உறுப்பு ஆயத்தமாகாதபோது நஞ்சாகும் என்பதை மருத்துவ உலகம் இவ்வாறுதான் கற்றது.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. ஒரு வயதைக் கடந்த பிள்ளையின் ஈரல், உடல் எடையோடு ஒப்பிடப் பெரியவர் ஈரலைவிடப் பெரியது. பல மருந்துகளை மிக விரைவாகச் செரித்துவிடும். முன்பு ஆஸ்துமாவுக்குக் கொடுத்துவந்த தியோபிலின் என்னும் மருந்து, கிலோ கணக்கில் நான்கு வயதுப் பிள்ளைக்கு அதன் தந்தையைவிட அதிகமாகவே தேவைப்பட்டது. மருத்துவர் எழுதிய அளவைப் பார்த்து, ‘இவ்வளவா?’ என்று அஞ்சிப் பாதியாகக் குறைத்துக் கொடுக்கும் தாய்மார்களை நாங்கள் கண்டதுண்டு. அதனால் நோய் தீராமல் நீள்கிறது.

மூளையைக் காக்கும் இரத்தத் தடுப்பும் முதல் ஆண்டுகளில் தளர்வாகவே இருக்கும். பெரியவருக்குச் சிறு தூக்கம் தரும் சளி மருந்து, கைக்குழந்தைக்கு மூச்சையே மட்டுப்படுத்தலாம். புரோமெதசின் என்னும் மருந்தை இரண்டு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கலாகாது என்பது இக்காரணம் பற்றியே. ‘நேற்று மருந்து கொடுத்தோம், நன்றாகத் தூங்கினான்’ என்று மகிழ்ந்து சொல்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

இப்போது, நம் மாநிலத்திலேயே உருவான ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க இயலாது. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல், காய்ச்சல் என்று சிரப் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். ‘கோல்ட்ரிஃப்’ என்னும் அந்தச் சிரப், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரேசன் நிறுவனம் தயாரித்தது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரியை எடுத்துச் சோதித்ததில், டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் தொழிற்சாலை இரசாயனம் நூற்றுக்கு 48.6 பங்கு இருந்தது. அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1 பங்கு. நிறுவனத்தின் உரிமம் இரத்துச் செய்யப்பட்டது. உரிமையாளர் கைது செய்யப்பட்டார்.

இந்த நஞ்சு புதியதன்று. 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இதே பொருள் கலந்த இனிப்பு மருந்தால் மாண்டனர். மருந்தை விற்குமுன் அதன் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே 1938-இல் பிறந்தது அதனால்தான். 1973-இல் நம் சென்னையிலேயே, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் 14 குழந்தைகள் இதற்குப் பலியாயினர். 2022-இல் காம்பியா நாட்டில் ஏறத்தாழ 70 குழந்தைகள். இனிப்பாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, சிறுநீரகத்தை அழித்துவிடும். 60 கிலோ எடையுள்ள பெரியவரும் 12 கிலோ எடையுள்ள பிள்ளையும் அதே 5 மில்லியைக் குடித்தால், பிள்ளையின் உடலில் கிலோவுக்குச் சேர்வது ஐந்து மடங்கு. சிரப் என்பது குழந்தைகளுக்கென்றே செய்யப்படுவது. ஆகவே கலப்படம் எங்கு நேர்ந்தாலும் முதலில் சாய்வது குழந்தைகளே.

பாட்டிலுக்குள் இருப்பதைத் தாயோ தந்தையோ சோதித்தறிய முடியாது. அது அரசின் கடமை. அதில் தவறியவர்களைக் கேள்வி கேட்பது நம் உரிமை. ஆனால், அந்தச் சிரப் அந்தக் குழந்தைகளுக்குத் தேவைதானா என்ற கேள்வியும் இருக்கிறது. பாரசிட்டமாலுடன் குளோர்பெனிரமின், பினைலெப்ரின் என்னும் இரண்டையும் சேர்த்த கலவை அது. இவ்விரண்டும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கலாகாது என்று பாட்டிலில் அச்சிடுமாறு 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்தியிருந்தது. 2025 அக்டோபர் 3-ஆம் நாள் மத்திய சுகாதாரத் துறை விடுத்த அறிவுரையில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதவோ கொடுக்கவோ கூடாது என்றும், ஐந்து வயது வரை பொதுவாக அவை பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் கண்டிருந்தது.

சாதாரணச் சளி தானாகவே நீங்கும். தாய்ப்பால், இளஞ்சூட்டில் நீராகாரங்கள், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, இவை போதும். மூச்சைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். குழந்தை அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, ஓராண்டு வரை 50, ஐந்தாண்டு வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ மிஞ்சினாலோ சிரப் தேடி அலையாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எண்ணவும் வேண்டாம், புறப்பட்டுவிடுங்கள்.

‘பாட்டி வைத்தியம் கொடுக்கலாமா?’ என்று ஒரு சகோதரி சீட்டு அனுப்பியிருக்கிறார். திருச்சி மருத்துவக் கல்லூரி யார் பெயரால் விளங்குகிறது என்பதை அறிவீர்கள். முத்தமிழ்க் காவலர் கி.ஆ.பெ. விசுவநாதம் இவ்வூர்க்காரர், தமிழ் மருத்துவத்தில் பெரும்பற்றுடையவர். அந்த ஊரில் நின்றுகொண்டு நாட்டு மருந்தை இழித்துரைக்க மாட்டோம். உரை மருந்து தேய்க்கும்போது நம் பாட்டிமார் ஓர் உரை, ஈர் உரை என்று எண்ணித் தேய்த்தார்கள். குழந்தைக்கு அளவு வேண்டும் என்னும் அறிவு அவர்களிடம் இருந்தது. இன்று அதே பொருட்களைப் பொடியாக வாங்கி, எண்ணிக்கையின்றிக் கலக்கிக் கொடுக்கிறோம். பிறந்து ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும், மருத்துவர் சொன்ன மருந்து நீங்கலாக, வாய்வழி தேவையில்லை என்பதே இன்றைய மருத்துவத்தின் முடிவு. கற்பூரத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாகவே சொல்வோம். சளிக்கென்று எண்ணெயில் கரைத்துக் கைக்குழந்தையின் நெஞ்சில் தடவுகிறோம். எடையோடு ஒப்பிடக் குழந்தையின் தோல் பரப்பு பெரியவரைவிட இரண்டு மூன்று மடங்கு, தோலும் மெல்லியது. கற்பூரம் உள்ளே சென்றால் வலிப்பு வரும். தடவ வேண்டாம், மேசைமேல் வைக்கவும் வேண்டாம்.

வீட்டு மேசை என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. நம் இல்லங்கள் பலவற்றில் சர்க்கரை நோய் மாத்திரை உண்டு. கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரை ஒன்றை இரண்டு வயதுப் பிள்ளை விழுங்கினாலே இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். சில மணி நேரம் கழித்தும் இறங்கும். பிள்ளை விளையாடிக்கொண்டுதானே இருக்கிறது என்று இருந்துவிடக் கூடாது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் அவ்வாறே. ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு. மிட்டாய் என்று நினைத்துப் பத்து மாத்திரைகளைத் தின்ற பத்துக் கிலோப் பிள்ளை உயிருக்குப் போராடும்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலிலும் பிழை செய்கிறோம். பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். ‘இப்போதைக்கு ஒரு டம்ளர் போதும்’ என்று பொட்டலத்தை அதில் கொட்டினால் உப்பு மிகுந்து மூளை பாதிக்கப்படும். கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்ற இனிப்புப் பானங்களுக்கு அப்பெயரைப் பயன்படுத்த 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி செய்தது என்று அச்சிட்ட பொட்டலத்தையே கேட்டு வாங்குங்கள்.

பொடியாக வரும் ஆன்டிபயாடிக் சிரப்புக்கும் இதே விதி. கொதித்தாறிய நீரைப் பாட்டிலில் உள்ள கோடு வரை ஊற்ற வேண்டும். அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம். ஒவ்வொரு முறையும் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். குலுக்காவிடில் முதல் நாட்களில் வெறும் இனிப்பு நீரும், கடைசி நாட்களில் அடியில் தங்கிய மருந்து முழுவதும் குழந்தைக்குப் போகும். கலக்கிய மருந்தை எத்தனை நாள் வைக்கலாம் என்பது பாட்டிலிலேயே இருக்கும். பெரும்பாலானவற்றுக்கு ஏழு நாள். மீந்ததைத் தங்கைக்கு வைக்காதீர்கள்.

பாரசிட்டமால் மட்டும் எல்லார் வீட்டிலும் இருப்பதால் அதன் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். மூன்று மாதம் கடந்த குழந்தைக்கு ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளி. ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். பத்துக் கிலோக் குழந்தைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லிக்கு 125 உள்ள சிரப்பில் 6 மில்லி. 250 உள்ளதில் 3 மில்லி. டிராப்ஸில் ஒன்றரை மில்லி. இதற்குக் குழந்தையின் இன்றைய எடை தெரிந்திருக்க வேண்டும். தடுப்பூசி அட்டையில் இருப்பது எப்போதோ எடுத்த எடை.

முகாமில் எடைக்கருவி வைத்திருக்கிறோம். பிள்ளைகளை நிறுத்தி, எடையைத் தேதியிட்டு எழுதித் தருவோம். மருந்துப் பாட்டில் கொண்டுவந்தவர்கள் ஒவ்வொருவராக முன்மேசைக்கு வாருங்கள். அந்தப் பாட்டிலில் உங்கள் குழந்தைக்கு எத்தனை மில்லி என்பதைக் கணக்கிட்டுப் பாட்டிலின் மேலேயே ஒட்டித் தருகிறோம். கம்பவுண்டர் ஒட்டிய அந்தப் பழைய வெள்ளைத் தாளைப் போல. ஊசியில்லாத 5 மில்லிக் குழல்களும் இருக்கின்றன. குடும்பத்துக்கு ஒன்று எடுத்துச் செல்லலாம். ஸ்பூன்களை மறவாமல் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். சமையலறைக்கு அவை தேவைப்படும்.